நான் நிறுத்திய புதன்கிழமைச் சாப்பாடு

போன மாதம் ஒரு பெண்மணியின் மத்தியானச் சாப்பாட்டை நான் பறித்தேன்.

பதறாதீர்கள். தட்டிலிருந்து பிடுங்கவில்லை. முறைப்படி படிவம் நிரப்பி, கலர் கலராக வட்டம் போட்டு, ஒரு கமிட்டியின் முன்னால் நின்று பேசி, கைதட்டலும் வாங்கிக்கொண்டு பறித்தேன். படித்தவர்கள் அப்படித்தானே செய்வோம்?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு நான் மறுபடியும் மாணவி ஆன கூத்து தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக... வயது நாற்பத்தேழு. யாங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் வீடு. இருபது வருஷமாக வீட்டிலேயே கணக்கு டியூஷன். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாடு போனதும் வீடு வெறிச்சோடிவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. சமூகப் பணியில் ஒரு சர்ட்டிஃபிகேட் படிப்பில் சேர்ந்துவிட்டேன். கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது வயது. பாடம் நடத்தும் பெண்ணுக்கு இருபத்தெட்டு. எல்லோரும் என்னை 'ஆன்ட்டி' என்கிறார்கள் – பாடம் நடத்துபவர் உட்பட.

படிப்பின் ஒரு பகுதி, நாற்பது மணி நேரக் களப்பணி. எனக்கு விழுந்தது எங்கள் பகுதியிலேயே இருக்கும் ஒரு தமிழ் சர்ச். நானோ வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிற ஆள். முதல் நாள் பதற்றத்தில், கால் பழக்கத்தில், சர்ச் கட்டடத்தை ஒரு முறை வலம் வந்துவிட்டுத்தான் வாசலுக்குப் போனேன். அங்கே நின்றிருந்த ஃபாதர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டு சுத்து பாக்கி இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சர்ச்சில் புதன், சனி இரண்டு நாளும் பெரிய சமையல் நடக்கும். தனியாக இருப்பவர்கள், நடமாட முடியாதவர்கள் என்று முப்பத்திரண்டு வீடுகளுக்கு மத்தியானச் சாப்பாடு போகும். சோறு, பருப்பு, ஒரு காய், சில நாள் முட்டை. எல்லாம் அடுக்கு கேரியரில். சமையல் பொறுப்பு மா ரோஸியிடம். 'மா' என்பது இங்கே பெண்கள் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. அப்பா தமிழர், அம்மா பர்மியர். முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போதுதான் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுப்பார். கேரியர் மூடியில் விழுந்திருக்கும் நசுங்கலைப் பார்த்தே இது யார் வீட்டுடையது என்று சொல்லிவிடுவார்.

நான் போன சமயத்தில் ஒரு சிக்கல். ஓடைக்கு அந்தப் பக்கம், தாகேதாவில், பத்துக் குடும்பங்கள் தங்களுக்கும் சாப்பாடு வேண்டும் என்று கேட்டிருந்தன. அரிசியோ இருக்கிற அளவுதான் இருக்கிறது. முப்பத்திரண்டை நாற்பத்திரண்டு ஆக்க வழியில்லை.

"இப்ப வாங்கறவங்கள்ல யாருக்கு அவ்வளவு அவசியமில்லேன்னு தெரிஞ்சா, அதைத் தாகேதாவுக்கு மாத்தலாம். நீங்க கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா, சயாமா?" என்றார் ஃபாதர். சயாமா என்றால் டீச்சரம்மா. இந்த ஊரில் டியூஷன் எடுத்தால்கூட அந்தப் பட்டம் ஒட்டிக்கொள்ளும்.

விசாரிப்பதா? நானா? விசாரிப்பதெல்லாம் பாமரர்கள் வேலை. நான் ஆய்வு செய்வேன்.

பத்துக் கேள்விகளோடு படிவம் தயாரானது. தமிழிலும் பர்மியத்திலும். ஏழாவது கேள்வி: இன்று சாப்பிட்டீர்களா? எட்டாவது: வீட்டில் உணவுப் பொருள் இருக்கிறதா? ஒன்பதாவது: உணவு உதவி தொடர்ந்து தேவையா? இவ்வளவு தெளிவாகக் கேட்டால் பதிலும் தெளிவாகத்தானே வரும்?

வந்தது. கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சும்மா."

அடுத்த வீடு. "சாப்பிட்டாச்சா?"

"ஓ, ஆச்சே. நீங்க?"

பர்மிய மொழி மட்டுமே புழங்கும் வீடுகளில் "சா பீ பீ" என்றார்கள். அதற்கும் அர்த்தம் சாப்பிட்டாச்சு. தொடர்ந்து உதவி தேவையா என்று கேட்டால், "எனக்கென்னம்மா, என்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, அவங்களைப் பாருங்க" என்பார்கள். நான் உடனே 'தேவையில்லை' கட்டத்தில் டிக் போடுவேன். ஒரு கணக்கு டீச்சருக்கு டிக் போடக் கற்றுத்தர வேண்டுமா என்ன?

ரெஜினா அக்காவின் வீடு நாலாவது மாடி. அறுபத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏதோ ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்து, கம்பெனி மூடியபின் வீட்டோடு இருக்கிறார். மூட்டுவலி. படி இறங்கி மாசக்கணக்காகிறது. ஆனால் வீட்டைப் பார்க்க வேண்டுமே... தரை பளிச்சென்று துடைத்திருந்தது. கன்னத்தில் இங்கே பெண்கள் சந்தனம்போல அரைத்துப் பூசும் தனாக்கா, இடுப்பில் இந்த ஊர்ப் பெண்கள் கட்டும் லுங்கி, இஸ்திரி கலையாமல். என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். தட்டில் ஆறு பிஸ்கட். பேச்சு சுவாரஸ்யத்தில் நான் நாலு தின்றேன்.

"சாப்பிட்டாச்சா அக்கா?"

"ஆச்சு சயாமா. காலையிலேயே முடிச்சிட்டேன்."

டிக். எட்டாவது கேள்வியை நான் கேட்கக்கூட இல்லை. உணவுப் பொருள்தான் கண்ணெதிரே இருக்கிறதே. 'ஆம்' என்று போட்டு, பக்கத்தில் 'பிஸ்கட்' என்று ஒரு குறிப்பும் எழுதினேன். ஆய்வு என்றால் ஆதாரம் வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கமிட்டி கூடியது. கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து, பதில்களைக் கலர் பிரித்துப் போட்ட என் வட்டத்தைப் புரொஜெக்டரில் சுவர்மேல் காட்டினேன். வட்டம் பெரும்பாலும் பச்சை. பச்சை என்றால் 'தேவையில்லை'. இத்தனை பேருக்கு அவசியமே இல்லாமல் இத்தனை நாளாகச் சமைத்திருக்கிறோம் என்று நான் சொன்னபோது எல்லோரும் 'அட' என்றார்கள். கைதட்டினார்கள். எனக்கு இரண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தது.

ஹாலின் பின்பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மா ரோஸி மட்டும் தலையைத் தூக்கினார். "அக்கா... யாரு கேட்டாலும் அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

"அது உங்க அனுபவம், ரோஸி. இது டேட்டா" என்றேன்.

இந்த வாக்கியத்தை எழுதும்போது இப்போதுகூடக் காது சூடாகிறது.

ஃபாதருக்கு முழு மனசில்லை. முதலில் பத்து கேரியரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்றார். யார் அந்தப் பத்துப் பேர் என்று நானே மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தினேன். முதலிடம் ரெஜினா அக்காவுக்கு. காரணம், பிஸ்கட்.

பத்துப் பேரிடமும் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பும் என்னுடையது. ஒன்பது பேருக்கு ஃபோனில் சொன்னேன். "பரவால்ல சயாமா", "ரொம்ப சந்தோஷம் சயாமா"... ஒருவர் இவ்வளவு நாள் போட்டதற்கு நன்றிகூடச் சொன்னார். அதையும் நான் என் ஆய்வுக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டேன். ரெஜினா அக்காவிடம் ஃபோன் கிடையாது. செவ்வாய்க்கிழமை நேரில் போனேன்.

போனேன்... சொல்லவில்லை.

பர்மிய மொழியில் 'ஆனாதே' என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குச் சங்கடம் கொடுத்துவிடுவோமோ என்று மனசு கூசுகிற கூச்சம். நமக்கும் அது ரத்தத்தில் இருக்கிறதுதான். நாலு தலைமுறையாக பர்மியரோடு வாழ்ந்துவிட்ட எங்களைப் போன்ற தமிழர்களுக்கு அது டபுள் டோஸ். சொல்ல வேண்டியது நுனி நாக்குவரை வந்தபோது அவர் டீயைக் கொண்டுவந்து வைத்தார். கூட மூன்று பிஸ்கட். முக்கால் மணி நேரம் கறிவேப்பிலைத் தொட்டியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு, மூன்றையும் தின்றுவிட்டு, "வரேன் அக்கா" என்று இறங்கிவிட்டேன். நாளைக்குச் சாப்பாடு வராவிட்டால் தானாகப் புரிந்துகொள்வார் என்று படிக்குப் படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

யாங்கூனின் பழைய மாடி வீடுகளுக்கு லிஃப்ட் கிடையாது. கயிறு உண்டு. பால்கனியிலிருந்து தெருவரை தொங்கும், நுனியில் கிளிப்போ கொக்கியோ இருக்கும். பேப்பர்காரர் பேப்பரை மாட்டிக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் இழுத்துக்கொள்வார். ரெஜினா அக்காவுடையது பச்சை நைலான் கயிறு. மற்ற நாட்களில் பால்கனிக் கம்பியில் சுற்றி வைத்திருப்பார். புதனும் சனியும் மட்டும் பதினொன்றரை மணிக்கு இறக்குவார், சர்ச் கேரியருக்காக.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நான் அந்தத் தெரு வழியாக வந்தேன். பச்சைக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கியில் ஒன்றும் இல்லை.

கீழே வெற்றிலைக் கடை வைத்திருப்பவர் என்னைப் பார்த்துவிட்டு பர்மியத்தில் கேட்டார். "பதினொன்றரையிலேர்ந்து தொங்குது சயாமா. அந்த அம்மா ரெண்டு தடவை மேலே இழுத்துப் பாத்துட்டு மறுபடியும் இறக்கிட்டாங்க. இன்னிக்கு சர்ச்சுல சமையல் இல்லையா?"

ஆள் வந்து ஆட்டியது நமக்குத்தான் கேட்கவில்லையோ என்று இழுத்துப் பார்த்திருக்கிறார். காலிக் கொக்கியைப் பார்த்திருக்கிறார். ஒருவேளை தாமதமாக வருமோ என்று மறுபடி இறக்கியிருக்கிறார். அப்படி இரண்டு தடவை.

நாலு மாடியையும் நான் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. கதவைத் திறந்தார். அதே தனாக்கா, அதே சிரிப்பு.

"சாப்பிட்டாச்சா அக்கா?" – என் வாயில் வேறு கேள்வியே வராதா?

"ஆச்சு சயாமா."

"கயிறு தொங்குதே?"

"அதுவா... காத்துல அவிழ்ந்திருக்கும்."

இலை அசையாத மத்தியானம் அது. அப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். மாறாக, சாமர்த்தியம் காட்டினேன். நானே முதலில் பசி என்று சொல்லிவிட்டால் அவரும் கூச்சம் விட்டுச் சொல்லிவிடுவார் என்று ஒரு கணக்கு. "நான் இன்னும் சாப்பிடலை அக்கா. பசிக்குது" என்றேன்.

அவர் உள்ளே போனார். டின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. வெளியே வந்தபோது கையில் தட்டு. தட்டில் இரண்டு பிஸ்கட்.

"வீட்ல இதுதான் இருக்கு. சாப்பிடுங்க சயாமா. பசியோட இருக்கக் கூடாது."

அழுதுவிட்டேன். அழகாக எல்லாம் அழவில்லை, மூக்கு ஒழுக அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், வட்டம், அவர் பெயர் முதலிடத்தில் வந்தது, முந்தின நாள் சொல்ல வந்துவிட்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போனது... ஒன்று விடவில்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. நிஜமாகவே பதில் தெரியாதவர்போல என்னைக் கேட்டார்: "நான் என்ன சொல்லியிருக்கணும் சயாமா? வீடு தேடி வந்தவங்க சாப்பிட்டாச்சான்னு கேட்டா, இல்லேன்னா சொல்லுவாங்க?"

சொல்ல மாட்டார்கள்தான். தமிழில் கேட்டாலும் பர்மியத்தில் கேட்டாலும் அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. வெறும் வயிற்றோடு நானே எத்தனை பேரிடம் 'ஆச்சு' சொல்லியிருக்கிறேன்? அது நலம் விசாரிப்பு. அதற்கு ஏழாம் நம்பர் போட்டு, அச்சடித்து, பதிலை எண்ணி, வட்டம் வரைந்தது நான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. வகுப்பில் என்னைச் சரியாகத்தான் கூப்பிடுகிறார்கள்.

நேராக சர்ச் சமையலறைக்கு ஓடினேன். மா ரோஸி அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, தனக்கென்று எடுத்துவைத்திருந்த சோற்றையும் குழம்பையும் ஒரு கேரியரில் போட்டு மூடி, ரெஜினா அக்காவுக்கென்று என்னிடம் நீட்டினார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது ரோஸி? எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு சொன்னீங்களே?"

"கேரியர் திரும்பி வர்ற நேரத்தைப் பாத்தாத் தெரியுமே அக்கா. அவசியமில்லாதவங்க வேற பாத்திரத்துல கொட்டிட்டு ஒரு மணி நேரத்துல குடுத்துடுவாங்க. ராத்திரிக்கும் அதையே வெச்சுச் சாப்பிடறவங்க கேரியர் மறுநாள்தான் வரும். ஒரு வீட்டுக் கேரியர்ல பூனை முடி இருக்கும், அங்க சாப்பிடறது பூனைதான்."

"ரெஜினா அக்காவோடது?"

"எப்பவும் மறுநாள்தான்."

"இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?"

மா ரோஸி மறுபடி அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தார். "நீங்க டேட்டான்னு சொன்னீங்க. எனக்கு ஆனாதேயா இருந்துச்சு."

வெள்ளிக்கிழமை கமிட்டி மறுபடி கூடியது. என் அறிக்கை தப்பு என்று எழுந்து நின்று சொன்னேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. மா ரோஸி தன் கேரியர் ஞானத்தைச் சொன்னார். பூனை வீடு உட்பட, நிஜமாகவே அவசியமில்லாத எட்டு வீடுகள் தேறின. அந்த எட்டும் தாகேதாவுக்குப் போயின. மீதி இரண்டு குடும்பத்துக்கு என்ன செய்வது என்று ஃபாதர் கேட்டதற்கு, "பருப்பு கொஞ்சம் நீளும் ஃபாதர்" என்றார் ரோஸி. அவசியமிருந்தும் என் புண்ணியத்தில் புதனன்று சாப்பாடு போகாத வீடுகளுக்கெல்லாம் நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? "பரவால்ல சயாமா."

வகுப்பில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் அறிக்கைக்கு அங்கே முதல் மார்க். இது தப்பான அறிக்கை, மார்க்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று போய் நின்றேன். அந்த இருபத்தெட்டு வயதுப் பெண் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்க ஆன்ட்டி. 'ஆய்வின் வரம்புகள்'னு தலைப்புப் போட்டு இதை ஒரு பாரா எழுதிடுங்க. மார்க் இன்னும் கூடும்" என்றார். ஒரு ஆள் பசியோடு கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது, படித்தவர்கள் கையில் ஒரு பாரா ஆகிவிடும் போலிருக்கிறது. எழுதத்தான் செய்தேன். மார்க் கூடத்தான் செய்தது.

சனிக்கிழமை ரெஜினா அக்காவின் கேரியரை நானே கொண்டுபோனேன். மா ரோஸி எனக்கும் சேர்த்து வைத்திருந்தார், இரண்டு முட்டையோடு. பதினொன்றரை மணிக்குத் தெருவில் போய் நின்றேன். கயிறு இறங்கவில்லை. பதினொன்று நாற்பது. இறங்கவில்லை. வெற்றிலைக் கடைக்காரர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார். இந்தச் சாப்பாட்டை இனி வாங்க மாட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வாங்கினாலும் பழைய மாதிரி வாங்க மாட்டார். அவசியமில்லாதவர் என்று நான் எழுதியது பொய் என்றாலும், அவசியமுள்ளவர் என்று ஊருக்கே தெரியவைத்தது நிஜம் அல்லவா?

ஏறினேன். மறுபடியும் நாலு மாடி. கதவு திறந்துதான் இருந்தது.

"கயிறு இறக்கலையா அக்கா?"

"அன்னிக்குத் தெருவே பாத்துச்சு சயாமா. கூச்சமா இருந்துச்சு."

கேரியரை மேசைமேல் வைத்தேன். அவர் இரண்டு தட்டு எடுத்துவந்தார். கழுவினார், துடைத்தார், எதிரெதிரே வைத்தார். ஒவ்வொரு அடுக்காகப் பிரித்தார். சூடு இன்னும் ஆறவில்லை. வழக்கப்படி வந்தவருக்குத்தான் முதலில் போட வேண்டும். நானும் அந்தப் பழக்கத்தில் என் தட்டை லேசாக முன்னால் தள்ளினேன்.

ரெஜினா அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ரொம்பப் பசிக்குது சயாமா. முதல்ல நான் போட்டுக்கறேன்."

நிறையப் போட்டுக்கொண்டார். முட்டையில் பெரியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் கரண்டி என் பக்கம் வந்தது.

நாற்பது மணி நேரக் களப்பணியில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், அன்றைக்கு இரண்டாவதாகச் சாப்பிட்டதுதான்.